டிகிரியில கல்வியை மைனரா எடுக்கறது எப்படி: முதல் செமஸ்டர்லேர்ந்து டிரான்ஸ்கிரிப்ட் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைங்க யூனிக்குப் போனதும் என்கிட்ட கேக்கற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அக்கா, நான் பயோலஜி படிக்கிறேன், கல்வியை மைனரா எடுத்தா டீச்சர் ஆயிடலாமா?" மைனர்னா மேஜர்ங்கற முக்கியப் பாடத்தோட கூட எடுக்கற துணைப்பாடம். நேரா சொல்லிடறேன், அந்த மைனரை மட்டும் வச்சு கவர்மென்ட் பள்ளியில டீச்சர் ஆக முடியாது. ஆனாலும் எடுக்கறதுக்கு நல்ல காரணம் இருக்கு, நானே மேஜர் கணக்கு மைனர் கல்வின்னு படிச்சவதான், இப்பவும் அந்தப் படிப்பு தினமும் கைகொடுக்குது. பிள்ளைங்க சிக்கிக்கறது பாடம் கஷ்டமா இருக்கறதால இல்ல, செய்ய வேண்டியதை முன்னப்பின்ன மாத்திச் செய்யறதாலதான். முதல்ல பாடத்தை ரெஜிஸ்டர் பண்ணிடறாங்க, அப்புறம்தான் கிரெடிட்டை எண்ணறாங்க. அதனால இதைக் கீழ இருக்கிற வரிசைப்படியே செய்யுங்க.

1. எதுக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

கண்டிப்பா பள்ளி ஆசிரியர்தான் ஆகணும்னா மைனர் உங்க வழி இல்ல. எஸ்பிஎம், அதாவது அஞ்சாம் படிவத் தேர்வு, முடிச்ச பிள்ளைக்கு ஆசிரியர் கல்விக் கழகம் இருக்கு, அதான் நாம ஐபிஜினு சொல்றது, நமக்குப் பக்கத்துல உலு கிந்தாவுலயே ஈப்போ வளாகம் இருக்கு. ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம், இல்ல மெட்ரிகுலேஷன் முடிச்சவங்களுக்குத் தஞ்சோங் மாலிம்ல யுபிஎஸ்ஐ, அதாவது சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் இருக்கு, வேற சில பல்கலைக்கழகத்துலயும் கல்வியிலேயே டிகிரி இருக்கு. அந்தப் படிப்புலதான் பிராக்டிகம்னு பள்ளிக்கு அனுப்பி, லெக்சரர் வந்து பின்னால உக்காந்து பார்த்து மார்க் போடற பயிற்சி வரும். மைனர்ல பொதுவா அது கிடையாது, டீச்சர் தகுதிக்கும் மைனருக்கும் நடுவுல இருக்கிற பெரிய இடைவெளி இதுதான்.

யுபிஎஸ்ஐ பத்தி ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருது. அங்க பெரும்பாலும் முழு டிகிரியே கல்விதான், மைனர்னு சொன்னா கூட எடுக்கிற இன்னொரு பாடம். நாம பேசறது அதுக்கு நேர் எதிரான ஏற்பாடு, மேஜர் வேற பாடம், மைனர் கல்வி. அங்க படிக்கிற சொந்தக்காரப் பிள்ளையோட பிளானை வாங்கி அப்படியே காப்பி பண்ணாதீங்க, பொருந்தாது.

மைனர் யாருக்குப் பொருந்தும்? டியூஷன் நடத்தறவங்களுக்கு, டிகிரி முடிச்சு பின்னாடி கல்வி டிப்ளோமா பண்ணலாமானு யோசிக்கிறவங்களுக்கு, கம்பெனியில ட்ரெய்னிங் பக்கம் போக நினைக்கிறவங்களுக்கு, கவுன்சலிங், சமூகசேவை மாதிரி வேலைக்குப் போறவங்களுக்கு. உங்க காரணத்தை ஒரே வரியில நோட்டுல எழுதி வைங்க. பின்னாடி அஞ்சு பாடத்துல எதை எடுக்கறதுனு தடுமாறும்போது அந்த வரிதான் முடிவு பண்ணும்.

2. முன்கூட்டியே கையில இருக்க வேண்டியது

உங்க இன்டேக் வருஷத்து புரோகிராம் ஹேண்ட்புக். சீனியர் கொடுத்தது வேணாம், ஏன்னா பாடத்திட்டம் இன்டேக்குக்கு இன்டேக் மாறும், உங்களுக்குப் பொருந்தறது நீங்க நுழைஞ்ச வருஷத்து விதிதான். அதோட கல்வி ஃபேகல்டியோட மைனர் பாடப்பட்டியல், அகாடமிக் காலண்டர், உங்க அகாடமிக் அட்வைசர் யாருனு பேரு, இதுவரைக்கும் வந்த ரிசல்ட் சிலிப். பிடிபிடிஎன், அதான் அரசாங்கக் கல்விக் கடன், எடுத்திருந்தா கடன் ஒப்பந்தத்தையும் எடுத்து வைங்க, அது ஏன்னு நாலாவதுல சொல்றேன்.

3. உங்க ஃபேகல்டி விடுமா?

எல்லா புரோகிராமும் மைனருக்கு இடம் கொடுக்காது. மருத்துவம், இன்ஜினியரிங் மாதிரி இறுக்கமான படிப்புல விருப்பப் பாடத்துக்கே இடம் கம்மி. கலை, மொழி, சயின்ஸ், சமூகவியல் பக்கம் கொஞ்சம் தாராளமா இருக்கும். சில பல்கலைக்கழகத்துல மைனர்னு முறையாவே ஒரு ஏற்பாடு இருக்கும், சில இடத்துல வெறும் எலெக்டிவா மட்டும்தான் கல்விப் பாடம் எடுக்க முடியும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் டிரான்ஸ்கிரிப்ட்ல, அதாவது முடிவுல கொடுக்கற மதிப்பெண் பட்டியல்ல தெரியும், அதனால ஆபீஸ்ல கேக்கும்போது "கல்விப் பாடம் எடுக்கலாமா"னு கேக்காதீங்க, "மைனரா பதிவாகுமா"னு கேளுங்க. முதல் கேள்விக்கு யாரும் ஆமானுதான் சொல்வாங்க.

பதிலை ஈமெயில்லயே வாங்குங்க. கவுன்ட்டர்ல வாயால சொன்னது ரெண்டு வருஷம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

4. கிரெடிட்டை எண்ணுங்க

இந்த இடத்துலதான் நிறைய பேர் வழுக்கறாங்க, கொஞ்சம் நின்னு படிங்க.

மலேசியாவுல இளங்கலைப் பட்டத்துக்குக் குறைஞ்சது 120 கிரெடிட் வேணும், மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியுஏ கணக்குப்படி ஒரு கிரெடிட்னா 40 மணி நேரப் படிப்பு. லெக்சர், டியூட்டோரியல், வீட்டுல படிக்கறது, அசைன்மென்ட், எக்ஸாம் எல்லாம் சேர்த்துதான் அந்த 40. அப்ப 3 கிரெடிட் பாடம் ஒண்ணு 120 மணி நேரம். 14 வாரம் கிளாஸ், அப்புறம் ரிவிஷன், எக்ஸாம்னு மூணு வாரம், 17 வாரத்துக்குப் பங்கு போட்டா வாரத்துக்குச் சுமார் 7 மணி நேரம் ஒரே ஒரு பாடத்துக்கு. இதைப் பார்த்துட்டு அப்புறம் சொல்லுங்க, ஒரே செமஸ்டர்ல மூணு மைனர் பாடம் போடலாமானு.

மைனருக்கு எத்தனை கிரெடிட்டுனு இடத்துக்கு இடம் மாறும், உங்க ஹேண்ட்புக்ல இருக்கிற எண்ணை எடுத்துக்குங்க. உதாரணத்துக்கு 18னு வச்சுக்குவோம். மொத்தம் 124 கிரெடிட், மேஜர் 84, எல்லாரும் கட்டாயம் எடுக்கற பொதுப்பாடமான எம்பியுவும் மத்த பல்கலைக்கழகப் பாடமும் சேர்த்து 20, மிச்சம் எலெக்டிவ் 20. இந்தப் பிள்ளைக்கு மைனர் எலெக்டிவ் இடத்துலயே உக்காந்துடும், ரெண்டு கிரெடிட் மிச்சமும் இருக்கு. இன்னொரு பிள்ளைக்கு அதே 124, ஆனா மேஜர் 96, பல்கலைக்கழகப் பாடம் 20, எலெக்டிவ் வெறும் 8. இவங்க 18 எடுக்கணும்னா 10 கிரெடிட் வெளிய நிக்கும், அதாவது மூணு நாலு பாடம் டிகிரிக்குத் தேவையில்லாம கூடுதலா படிக்கணும்.

அந்தப் பத்தை செமஸ்டருக்கு ஒண்ணா பிரிச்சு உள்ள தள்ள முடிஞ்சா சரி. முடியலனா ஒரு செமஸ்டர் நீளும். பிடிபிடிஎன் பணம் ஒப்பந்தத்துல போட்டிருக்கிற படிப்புக் காலத்துக்குத்தான், நீளற செமஸ்டருக்கு ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் வீட்டுலேர்ந்து வரணும். அம்மா அப்பா செம்பனைத் தோட்டத்துல வேலை செஞ்சு அனுப்பற வீடுனா அந்த ஒரு செமஸ்டர் சின்ன விஷயம் இல்ல. ரெண்டாவது பிள்ளை மாதிரி கணக்கு வந்தா நான் மைனர் வேணாம்னுதான் சொல்வேன், ரெண்டு மூணு கல்விப் பாடத்தை எலெக்டிவா எடுத்துட்டுப் போங்க, கத்துக்கறது கத்துக்கறதுதான்.

இன்னும் ரெண்டு விஷயம் பாருங்க. ஒரே பாடத்தை மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்து எண்ண விடுவாங்களானு கேளுங்க, பல இடத்துல விட மாட்டாங்க. மைனர் கிரேடு பிஎன்ஜிகே-ல, அதாவது மொத்த கிரேடு சராசரியில, சேருதானும் கேளுங்க, சேர்ந்தா அங்க வாங்கற சி உங்க மொத்த பாயிண்டை இழுக்கும், உபகாரச்சம்பளம் வாங்கறவங்க இதைக் கவனிக்கணும்.

5. எந்தப் பாடம் எந்த செமஸ்டர்

ஒரு பெரிய பேப்பர்ல செமஸ்டர் ஒண்ணுலேர்ந்து கடைசி வரைக்கும் கட்டம் போடுங்க. முதல்ல மேஜர் பாடத்தை எழுதுங்க, அப்புறம் எம்பியு, கடைசியாதான் மைனர். மேஜர் பாடம் ஒண்ணு தள்ளிப் போச்சுனா அதுக்குப் பின்னாடி வர்ற ரெண்டு மூணு பாடமும் சேர்ந்து தள்ளும், மைனர் அப்படி இல்ல, நகத்தி வைக்கலாம்.

மைனருக்குள்ளயும் வரிசை இருக்கு. கல்வி உளவியலை முதல்ல எடுங்க, ஏன்னா மத்த பாடத்துல வர்ற பியாஜே, வைகோட்ஸ்கி மாதிரி குழந்தை உளவியல் அறிஞர்கள் எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது. அடுத்து பெடகோகி, அதாவது பாடம் நடத்தற முறை. அதுக்கப்புறம் சோதனையும் மதிப்பீடும், நடத்தத் தெரியாம அளக்கக் கத்துக்கறதுல அர்த்தம் இல்ல. கல்விச் சமூகவியல், கல்வித் தொழில்நுட்பம், வழிகாட்டலும் கவுன்சலிங்கும் இதெல்லாம் எங்க இடம் கிடைக்குதோ அங்க வைங்க.

சில பாடம் வருஷத்துல ஒரு செமஸ்டர்தான் திறப்பாங்க. அதைப் பார்க்காம "கடைசி வருஷம் எடுத்துக்கலாம்"னு விட்ட பிள்ளைங்க ஒரே ஒரு பாடம் இல்லாம மைனரையே கைவிட்ட கதை எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பாடத்தைக் கட்டத்துல சிவப்பு பேனாவுல எழுதுங்க.

சயின்ஸ் பிள்ளைங்க லேப் நேரத்தையும் பாருங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு லேப், அதே நேரத்துல பெடகோகி டியூட்டோரியல்னு மோதும். போன வருஷ டைம்டேபிள் கிடைச்சா வச்சுப் பாருங்க, பெரும்பாலும் பெரிய மாற்றம் இருக்காது. இன்டர்ன்ஷிப் செமஸ்டர்ல மைனர் எதையும் வைக்காதீங்க.

6. அட்வைசரைப் பாருங்க, மைனரைப் பதிவு பண்ணுங்க

கட்டம் போட்ட பேப்பரை எடுத்துட்டுதான் அட்வைசர்கிட்ட போகணும். வெறுங்கையோட போய் "சார், மைனர் எடுக்கலாமா"னு கேட்டா அவங்களுக்கும் பொதுவாத்தான் பதில் சொல்லத் தெரியும். பேப்பரைக் காட்டினா "இந்த செமஸ்டர் உனக்கு 21 கிரெடிட் ஆகுது பாரு"னு விரல் வச்சுக் காட்டுவாங்க, அதுக்குத்தானே போறோம்.

அதுக்கப்புறம் பாரத்தைப் பூர்த்தி பண்ணி, அட்வைசர் கையெழுத்து, ரெண்டு ஃபேகல்டியும் ஒப்புதல், சிஸ்டத்துல பதிவுனு போகும். இடத்துக்கு இடம் கொஞ்சம் வேறயா இருக்கும், ஆனா பாடத்தை எடுக்கறது ஒண்ணு, மைனர்னு பதியறது இன்னொண்ணு. பாடம் அத்தனையும் பாஸ் பண்ணிட்டு மைனர்னு பதியாம விட்டா டிரான்ஸ்கிரிப்ட்ல அது சும்மா எலெக்டிவாத்தான் நிக்கும். பதியறதுக்குக் கடைசித் தேதி உண்டு, அகாடமிக் காலண்டர்ல தேடி ஃபோன்ல ஏத்தி வைங்க.

7. ரெஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு

வெளி ஃபேகல்டி பிள்ளைங்களுக்கு இடம் கம்மியாத்தான் ஒதுக்குவாங்க, சீக்கிரம் தீர்ந்துடும். லீவுல வீட்ல இருந்தா தோட்டத்து லைன்ல சிக்னலை நம்பாதீங்க, முதல் நாளே டவுனுக்கு வந்து சொந்தக்காரங்க வீட்ல தங்கிடுங்க. பாட கோடு, குரூப் நம்பர் எல்லாம் எழுதி வச்சிருங்க, மாத்து குரூப் ஒண்ணும் இருக்கட்டும். இடம் கிடைக்கலனா சும்மா உக்காராம லெக்சரருக்கு மரியாதையா ஒரு ஈமெயில் போடுங்க, பாடத்தைச் சேர்க்கவும் விடவும் கொடுக்கற ஆட் டிராப் வாரத்துல இடம் காலியாகும்.

8. கிளாஸ்ல எங்க தடுமாறுவீங்க

கணக்கு, சயின்ஸ் படிச்சுட்டு வர்ற பிள்ளைங்களுக்கு முதல் அதிர்ச்சி எழுத்து. இங்க கோர்ஸ்வர்க் அதிகம், நீளமா எழுதணும், பல பாடம் மலாய்ல ஓடும், மேற்கோள் எல்லாம் அமெரிக்க உளவியல் சங்கத்தோட ஏபிஏ முறையில போடணும், இப்ப இருக்கறது 7ஆம் பதிப்பு. முதல் அசைன்மென்ட் வர்றதுக்கு முன்னாடியே லைப்ரரியில நடத்தற மேற்கோள் கிளாஸுக்குப் போயிடுங்க. மார்க் போறது கருத்துல இல்ல, பெரும்பாலும் இதுலதான்.

அடுத்தது, தியரியை மனப்பாடம் பண்றது. 7லேர்ந்து 11 வயசு பிள்ளைங்க கண்ணால பார்த்து கையால தொடற பொருளை வச்சுத்தான் நல்லா யோசிப்பாங்கனு பியாஜே சொல்றாரு, அதை அப்படியே எழுதினா பாதி மார்க்தான். ஒரு பிள்ளையைக் கண் முன்னால வச்சு எழுதுங்க. மூணாம் ஆண்டு பிள்ளைகிட்ட 43லேர்ந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்க, சில பிள்ளை 24னு எழுதும். சும்மா தப்புனு போட்டுட்டுப் போயிடாம அந்த நோட்டை உத்துப் பாருங்க: ஒன்று இடத்துல 3லேர்ந்து 7 போகாதுன்னதும் பிள்ளை அதைத் திருப்பிப் போட்டு 7லேர்ந்து 3ஐக் கழிச்சு 4னு எழுதியிருக்கு, பத்து இடத்துல 4லேர்ந்து 2 போக 2. பிள்ளை கவனக்குறைவா இல்ல, அதுக்குன்னு ஒரு விதி வச்சிருக்கு, அந்த விதிதான் தப்பு. இப்ப ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டு நாலு கட்டு, தனியா மூணு குச்சி கொடுத்து 27 எடுக்கச் சொல்லுங்க. மூணு குச்சிதான் இருக்குனு கொஞ்சம் முழிக்கும், அப்புறம் ஒரு கட்டை அவுக்கும், கடைசியில கையில 16 நிக்கும். தனியா பேப்பர்ல முடியாதது, பொருளும் பக்கத்துல ஒரு ஆளும் இருந்தா முடியுது, வைகோட்ஸ்கி சொல்றதும் இந்த இடத்தைத்தான். இப்படி ஒரு பத்தி எழுதினா தியரி உங்களுக்கும் மறக்காது.

மூணாவது, பாடத்திட்டம் எழுதறது. பள்ளியில ஆசிரியர் தினமும் எழுதற நாள் பாடத்திட்டத்தை ஆர்பிஎச்னு சொல்வாங்க, அதுக்கு மூலம் டிஎஸ்கேபினு கல்வி அமைச்சு கொடுக்கிற பாடத்தர, மதிப்பீட்டு ஆவணம். அதைத் திறக்காமலே இணையத்துல கிடைச்ச பாடத்திட்டத்தை மாத்தி எழுதறவங்கதான் அதிகம், லெக்சரர் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாங்க. டிஎஸ்கேபியில கற்றல் தரம் என்னனு பாருங்க, அதுலேர்ந்து நோக்கத்தை எழுதுங்க. "மாணவர்கள் பின்னத்தைப் புரிந்துகொள்வர்"னு எழுதினா அதை எப்படிச் சோதிப்பீங்க? "கொடுக்கப்பட்ட 5 படங்களில் குறைந்தது 4 படங்களுக்குச் சரியான பின்னத்தை எழுதுவர்"னு எழுதினா பாடம் முடிஞ்சதும் எண்ணிப் பார்க்கலாம். நோக்கம் சரியா இருந்தா நடவடிக்கை தானா வரும். அடைவுநிலை 1லேர்ந்து 6 வரைக்கும் எதை எதிர்பார்க்குதுனும் அதே ஆவணத்துல இருக்கு, மதிப்பீட்டுப் பாடத்துக்கு அது அப்படியே உதவும்.

குழு வேலையில அந்த ஃபேகல்டி பிள்ளைங்க ஏற்கெனவே ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்களா இருப்பாங்க, நீங்க புதுசு. முதல் வாரமே போய்ப் பேசி சேர்ந்துடுங்க, உங்க மேஜர் பாடத்துல பாடம் நடத்திக் காட்டற பகுதியை நான் எடுத்துக்கறேன்னு சொல்லுங்க, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

9. நம்ம ஊர்ப் பள்ளிக்குப் போங்க

மைனர்ல பிராக்டிகம் இல்லைனு சொன்னேன்ல, அந்தக் குறையை ஓரளவு நீங்களேதான் நிரப்பணும். பல பல்கலைக்கழகத்துல நீண்ட லீவு ஆகஸ்ட், செப்டம்பர் பக்கம் வரும், அப்ப பள்ளி ஓடிட்டுத்தான் இருக்கும். ஊருக்கு வர்ற நேரத்துல தமிழ்ப்பள்ளியில போய் வகுப்பைக் கவனிக்கக் கேளுங்க.

கேக்கற முறை இருக்கு. படிச்ச பள்ளியாச்சேனு திடுதிப்புனு போய் நிக்காதீங்க. ஃபேகல்டிகிட்ட கடிதம் வாங்கி, தலைமையாசிரியருக்கு முன்னாடியே அனுப்பி, எத்தனை நாள், எந்த வகுப்பு, எதுக்குனு தெளிவா எழுதுங்க. மாவட்ட கல்வி இலாகா அனுமதி வேணுமானு அவங்களே சொல்வாங்க. கேள்வித்தாள் கொடுத்துத் தகவல் சேகரிக்கிற ஆய்வுனா அது வேற கதை, கல்வி அமைச்சோட இராஸ் சிஸ்டம் வழியா விண்ணப்பிச்சு அனுமதி வாங்கணும், அதுக்கு நேரம் ஆகும், அசைன்மென்ட் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிக்க முடியாது. பிள்ளைங்களைப் படம் எடுக்கக் கூடாது, நோட்டுல உண்மைப் பேரை எழுதக் கூடாது.

உள்ள போனா பின்வரிசையில உக்காந்து பக்கத்தை ரெண்டா மடிங்க, இந்தப் பக்கம் டீச்சர் என்ன செஞ்சாங்க, அந்தப் பக்கம் பிள்ளைங்க என்ன செஞ்சாங்க. புதுசா போறவங்க டீச்சர் பக்கத்தை மட்டும் நிரப்பிட்டு வருவாங்க. கத்துக்கறது நடக்கறது அந்தப் பக்கம்.

நாட்டுல 500க்கும் மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அதுல நிறைய 150 பிள்ளைக்கும் கம்மியான குறைந்த மாணவர் பள்ளி, தோட்டத்துப் பள்ளிங்க பல அதுலதான் வரும். ரொம்பச் சின்னப் பள்ளியா இருந்தா ரெண்டு ஆண்டு பிள்ளைங்களை ஒரே வகுப்புல வச்சு நடத்துவாங்க. அங்க ஒரு டீச்சர் ஒரு கூட்டத்துக்கு வேலை கொடுத்துட்டு இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுக்கற நேரப் பங்கீட்டைக் கவனிச்சு எழுதுங்க, பெரிய பட்டணத்துப் பிள்ளைக்கு இது கிடைக்காத விஷயம். சமூகவியல் கட்டுரைக்கும் தூரமா போக வேணாம். தமிழ்ப்பள்ளியிலேர்ந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது சில பிள்ளைங்க புகுமுக வகுப்புல ஒரு வருஷம் உக்காரறாங்களே, அந்த வருஷம் அவங்களுக்கு என்ன செய்யுதுங்கறது ஒரு முழுக் கட்டுரைக்கான விஷயம். நம்ம பிள்ளைங்களைப் பத்தி நாமதான் எழுதணும், எழுதுங்க.

பள்ளி கிடைக்கலைனா கோயில் மண்டபத்துலயோ பாலாய் ராயாங்கற சமூக மண்டபத்துலயோ வாரக்கடைசியில இலவச வகுப்பு நடக்குதானு விசாரிங்க. ஒரே நாலஞ்சு பிள்ளைங்களோட தொடர்ந்து உக்காருங்க, வாரம் ஒரு கூட்டம்னு மாத்தினா யாரு முன்னேறினாங்கனே தெரியாது.

10. கடைசி செமஸ்டரும் அதுக்கப்புறமும்

கடைசி செமஸ்டர் ஆரம்பிக்கிறப்பவே கிரெடிட் ஆடிட், அதாவது கிரெடிட் எல்லாம் சரியா இருக்கானு பார்க்கற சோதனை, கேளுங்க, முடிஞ்ச பிறகு கேட்டா திருத்த செமஸ்டர் மிச்சம் இருக்காது. மைனர் பாடம் ஒவ்வொண்ணும் மைனர் கணக்குலதான் விழுந்திருக்கா, குறைந்தபட்ச கிரேடு கேட்டிருந்தா அது வந்திருக்கானு பாருங்க. டிரான்ஸ்கிரிப்ட் டிராஃப்ட்ல மைனர்ங்கற வரியைத் தேடிப் பாருங்க.

கவர்மென்ட் பள்ளிக்குப் போகணும்னா டிகிரிக்குப் பின்னால முறையான ஆசிரியர் தகுதி வேணும். அமைச்சு நடத்தற பட்டதாரி கல்வி டிப்ளோமா, பிடிபிபினு சொல்றது, எந்தப் பாடத்துக்கு ஆள் தேவையோ அதுக்குத்தான் திறக்கும், அதனால அறிவிப்பு வர்றப்ப உங்க மேஜர் பட்டியல்ல இருக்கானுதான் முதல்ல பார்க்கணும், மைனரை அல்ல. நியமனம் செய்யறது எஸ்பிபி, அதாவது கல்விச் சேவை ஆணையம், அதுக்குத் தனியா நேர்முகம் உண்டு. நேர்முகத்துல வகுப்பறை பத்திக் கேக்கும்போது உங்க ரெண்டு பக்க நோட்டு கைகொடுக்கும், அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

டியூஷன் சென்டர்ல வேலைனா 1996ஆம் வருஷக் கல்விச் சட்டப்படி சென்டரும் பதிவாகியிருக்கணும், சொல்லிக் கொடுக்கறவங்களும் பதிவு பண்ணியிருக்கணும் இல்ல போதனை பெர்மிட் வச்சிருக்கணும். மைனர் இருக்குங்கறது பெர்மிட்டுக்குப் பதிலாகாது. வேலையில சேரறதுக்கு முன்னாடியே பெர்மிட்டுக்கு யாரு விண்ணப்பிக்கிறாங்கனு சென்டர்ல கேட்டு, விண்ணப்பக் காப்பி ஒண்ணு வாங்கிக்குங்க.